பார்த்தேன் என்கிற பட்டன்

...இவனேதான், வேறு யாராக இருக்க முடியும், மேலுதட்டில் அதே மரு, படிய வாரிய அதே தலை, போட்டோவுக்கு நிற்கும்போதுகூட எதிரில் இருப்பவனை எடை போடுகிற மாதிரி இடுக்கிய கண், தசரதன், குடலிறக்க ஆபரேஷன், இன்றைக்கு முதல் கேஸ், கீழே கம்பெனி பெயர் வேறு போட்டிருக்கிறது, என் பிள்ளை விஜயின் கம்பெனி, விஜய் இருந்த கம்பெனி... இந்திராணிக்கு விரல் அந்தரத்தில் நின்றுபோயிற்று. தினமும் வந்ததும் பையை மேசைக்கு அடியில் தள்ளுவாள், கம்ப்யூட்டரை உசுப்புவாள், அன்றைக்கு ஆபரேஷன் உள்ளவர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும், மேலே இருக்கிற சின்னக் கட்டத்தில் ஒரு தட்டு, எல்லாப் பெயருக்கும் டிக் விழும், அப்புறம் 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கிற பட்டனில் ஒரு தட்டு, அத்தனையும் பச்சை, தியேட்டரிலிருந்து போன் வராது, மிச்ச டீயை ஆற அமரக் குடிக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் தட்டியிருப்பாள், அந்த மரு கண்ணில் படாமல் இருந்திருந்தால். அவன் பெயரில் இருந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மற்றவர்களைப் பச்சையாக்கினாள், போகட்டும், நல்லபடியாகப் போகட்டும், அவர்களோடு எனக்கு என்ன வழக்கு, இவன் மட்டும் இருக்கட்டும், இவன் எனக்கு வேண்டும்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தாற்போல என்பார்கள். எத்தனை அமாவாசைக்கு எல்லையம்மன் முன்னால் எலுமிச்சம்பழத்தை மிதித்தாள், அப்போதெல்லாம் வாய் திறக்காத அம்மன் இப்போது ஆளையே கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரில் படுக்கப் போட்டிருக்கிறாள், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு கிடப்பான், இடுப்பில் வேட்டிகூட இருக்காது... இவள் பச்சை கொடுத்தால்தான் அவனை உள்ளே தள்ளுவார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் நோயாளிகள் செல்போனில் சந்தேகம் கேட்பார்கள், 'துணை' பதில் சொல்லும். துணை என்பது ஆள் இல்லை, ஆஸ்பத்திரி வாங்கிப் போட்டிருக்கிற ஏஐ. எல்லாம் கேட்டு முடித்து நோயாளி 'புரிந்தது' என்பதை அமுக்க வேண்டும், அந்தப் பேச்சு முழுவதையும் படித்துவிட்டு இந்திராணி 'பார்த்தேன்' என்பதை அமுக்க வேண்டும், இரண்டு பேரும் அமுக்கினால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார். அது சட்டம். ஆனால் மூன்று தியேட்டருக்கும் சேர்த்து இவள் ஒருத்தி, உட்கார்ந்து படித்தால் மத்தியானம் ஆகிவிடும், அதனால்தான் கம்ப்யூட்டர் மாட்ட வந்த தம்பி முதல் வாரமே மேலே இருக்கிற கட்டத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனான், இதத் தட்டிடுங்க மேடம், ஒரே போடு என்றான். நல்ல பையன்.

தசரதனுடைய பேச்சு மட்டும் திறந்து கிடந்தது. காதில் ஹெட்போனை மாட்டினாள். குரல் வந்தது. அந்தக் குரல்தான், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பே அதிரக் கத்துகிற குரல் என்று விஜய் சொல்வான், இப்போது ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டு வந்தது, ஏம்மா, மயக்கம் குடுத்துட்டா திரும்ப எழுந்துக்குவேனா மாட்டேனா, அத்த சொல்லு மொதல்ல, பயமா கீதும்மா, எங்கூட்டுல கூட சொல்லல... அடப்பாவி, உனக்குப் பயமா? உனக்கா? அவள் சிரிக்கப் பார்த்தாள், அதற்குள் பதில் வந்துவிட்டது, பயப்படாதீங்க அண்ணா, நாங்க எல்லாரும் உங்க கூடவே இருக்கோம், மயக்க டாக்டர் பக்கத்துலயே நிப்பாரு, நீங்க கண்ணைத் திறக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்... இந்திராணி ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள். அது அவளுடைய குரல். அவளுடைய தொண்டை, அவளுடைய இழுவை, 'அண்ணா' என்பதில் கடைசியில் லேசாகச் சரிகிற அந்தச் சரிவுகூட அவளுடையதுதான். துணைக்குக் குரல் வேண்டும் என்று ஸ்கேன் ரூமில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும் என்று ஃபேனை நிறுத்தி, வியர்வை ஊற்ற ஊற்றப் படிக்கச் சொன்னார்கள், சிரிச்ச மாதிரி சொல்லுங்க மேடம் என்றார்கள், சிரித்தாள், லெமன் ஜூஸ் கொடுத்தார்கள், குடித்தாள். அதோடு தொண்டை அவர்களுடையதாகிவிட்டது, இனி அது என்ன வேண்டுமானாலும் சொல்லும், இவளைக் கேட்காது. அதற்கு முன்னால் இவளேதான் சாயங்காலத்தில் கட்டில் கட்டிலாகப் போவாள், காலடியில் உட்காருவாள், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், நேத்து எந்த ஷிஃப்ட்டு? கம்பெனியாக நிறைந்த இந்த ஒரகடத்தில் மனிதனுக்குப் பகல் எது ராத்திரி எது என்று அதைக் கேட்டால்தானே தெரியும். அப்புறம் சாப்பாடு, அப்புறம் மாத்திரை, அப்புறம் பயம். இப்போது கட்டிலுக்குப் போக வேண்டாம், நீங்க உக்காந்த இடத்துலயே எல்லார்கிட்டயும் பேசறீங்க மேடம் என்றார்கள். எல்லாரிடமும் என்றால் இவனிடமுமா? என் பிள்ளையின் கையைத் தின்றவனை என் வாயாலேயே அண்ணா என்று கூப்பிட வைத்தீர்களே, நீங்கள் விளங்குவீர்களா?

கை. விஜய் நின்ற அந்த பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அந்த இரும்பு இறங்கும், இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே போகாது, பச்சைக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. ஆனால் டார்கெட்டுக்குப் புரியாதே. பனியன் வேஸ்ட் என்று எண்ணெய் துடைக்க மூட்டை மூட்டையாக வரும், அதில் ஒரு துண்டைக் கிழித்து வலது பட்டனை அமுங்கினபடியே இறுக்கிக் கட்டிவிட்டால் போதும், ஒரு கை மிச்சம், அந்தக் கையால் பீஸை எடுக்கலாம் வைக்கலாம், எண்ணிக்கை எகிறும். அவருதாம்மா கட்டுனாரு, விஜய் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் சொன்ன முதல் பேச்சு அதுதான், வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, தசரதன் சாருதாம்மா கட்டுனாரு, ஒரு கைய ஃப்ரீ பண்ணிக்கினு வேலையப் பாருடா, லைன் நின்னா உன் தாலிய நான் அறுப்பேன்டான்னாரு, சிரிச்சிக்கினேதான் சொன்னாருமா... வலது கையில் கட்டைவிரல் இருக்கிறது, பக்கத்து விரலில் பாதி இருக்கிறது. மூன்றாம் நாள் இந்தத் தசரதன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்தான், விஜயின் தலையைத் தடவினான், தம்பிய நான் பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாத என்றான், இவளும், புத்தி கெட்டவள், கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஹார்லிக்ஸைக் கரைத்து பிள்ளைக்கு ஊட்டவும் செய்தாள். அடுத்த மாதம் விசாரணை என்று கூப்பிட்டார்கள், கண்ணாடி போட்ட ரூம், பல் கிட்டுகிற ஏசி, அங்கே தலையைத் தடவிய அதே கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னான், நான் சொல்லல சார், பையன் தானா கட்டிக்கினான். அவ்வளவுதான். நான் சொல்லல சார். தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொன்னான்.

அன்றைக்கு கேட்டுக்கு வெளியே வந்து ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள், நீ நாசமாப் போவ, உன் கைல புழு வெக்க, உன் குடி வெளங்காமப் போவ என்று தொண்டை கிழியத் தூற்றினாள், மண் போய் வாட்ச்மேன் ஷூவில் விழுந்தது, அவன் குனிந்து துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. விஜய் இப்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஒரு செல்போன் கடையில் கண்ணாடித் தாள் ஒட்டுகிறான், ஒன்றரை விரலால் ஒட்டினால் உள்ளே காற்று நிற்கத்தானே செய்யும், முதலாளி திரும்ப உரித்து ஒட்டுவாராம், ஒன்றும் சொல்ல மாட்டாராம், ஒன்றும் சொல்லாததுதாம்மா ஒருமாதிரி கீது என்பான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுகிறான். தன் வீட்டில், தன் அம்மா எதிரில். அவள் அண்ணன் மகள் சண்முகப்ரியா கல்யாணத்தில் எல்லாரும் பந்திக்குப் போனபோது இவன் மட்டும் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு பசியில்லம்மா என்றான், இலையில் இடது கையை வைத்தால் பக்கத்து இலைக்காரன் முகம் எப்படிப் போகும் என்று பையனுக்குத் தெரியும். பசியில்லம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு உன் குடலை உருவிப் போட்டாலும் தகுமா தசரதா? உன் குடல் தானாகவே இறங்கியிருக்கிறது, அம்மன் கண்ணில்லாதவள் இல்லை...

திரும்ப ஹெட்போனை மாட்டினாள். அவன் குரல் கேட்கக் கேட்க வயிற்றுக்குள் ஒரு சூடு ஏறியது, அந்தச் சூடு பிடித்திருந்தது, கேட்டுக்கொண்டே போனாள். ஆடிட் வரப்போவுது, லீவு குடுக்க மாட்றானுங்க, வேலைய முடிச்சிக்கினு அப்டியே நேரா வந்து படுத்துக்கறேன். சரி அண்ணா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணி கூட வேண்டாம், என்றது இவள் குரல். நீ பேசறது எங்க செத்துப்போன அக்கா பேசற மாதிரியே கீதும்மா, என்றான். அக்காவாம். கடைசியாக இன்று விடியற்காலையில் ஒன்று அனுப்பியிருந்தான், பின்னால் லாரி சத்தம், பர்மிஷன் போட்டுட்டு கெளம்பிட்டேம்மா, நீ சொன்ன மாதிரியே ராத்திரி சாப்பாட்டோட சரி, அதுக்கப்புறம் ஒரு சொட்டு டீ தொடல, எங்கம்மா மேல சத்தியம். மிகவும் நல்லது அண்ணா, தைரியமா வாங்க. பேச்சு முடிந்தது. 'புரிந்தது' அமுக்கியிருந்தான்.

இந்திராணி அந்தக் கடைசிப் பேச்சை மறுபடியும் ஓடவிட்டாள். வேலையை முடித்துக்கொண்டு. விடியற்காலையில் பர்மிஷன். அப்படியானால் மூன்றாவது ஷிஃப்ட். மூன்றாவது ஷிஃப்ட்டுக்கு ராத்திரிச் சாப்பாடு எப்போது? ஊரெல்லாம் தூங்குகிற ரெண்டு, ரெண்டரைக்கு. விஜய் அந்த ஷிஃப்ட்டில் இருந்த வருஷமெல்லாம் இவள் கேட்காத நாள் உண்டா, நைட்டு இன்னாடா சாப்ட? நேற்று புதன்கிழமை. புதன்கிழமை கேன்டீனில் கோழிக் குழம்பு, புதன்கிழமைனா எவனும் லீவு போட மாட்டாம்மா... கோழியும் சோறும் வயிறு முட்ட இறக்கிவிட்டு வந்து படுத்திருக்கிறான், வெறும் வயிறு என்று நினைத்துக்கொண்டு, தாய்மேல் சத்தியம் செய்துகொண்டு. மெஷினுக்கு ஷிஃப்ட் தெரியாது. உள்ளே நர்ஸ் கேட்டாலும் அதையேதான் சொல்வான், நைட்டு சாப்பாட்டோட சரிம்மா. மயக்கம் கொடுத்தால் வயிற்றில் கிடப்பது மேலே ஏறும், ஏறினது நெஞ்சுக்குள் இறங்கும், மூச்சு நிற்கும், எத்தனை கட்டிலின் காலடியில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லி மிரட்டியிருக்கிறாள் அவள். இவன் காதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. இவள் குரல் சொல்லவில்லை.

மேசைப் போன் அடித்தது. மாரிசெல்வி, தியேட்டர் நர்ஸ், தென்காசிப் பக்கத்துப் பெண். யக்கா, தூங்கிட்டியளா, முத கேஸு இன்னும் பச்சை ஆவலியே, டாக்டரு கையக் கழுவிட்டு நிக்காவ. இதோ, என்றாள் இந்திராணி. சும்மா ஒரு தட்டு தானக்கா, தட்டி விடுங்க, எனக்கு ஏச்சு வாங்கித் தராதிய. போனை வைத்தாள். சும்மா ஒரு தட்டு. அதுதான் அவளுக்கு இனித்தது. விஷம் வைக்க வேண்டாம், அரிவாள் எடுக்க வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம், தினமும் செய்கிற வேலை, தினமும் தட்டுகிற தட்டு. நாளைக்கு யாராவது கூப்பிட்டுக் கேட்டால்? கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு? அவர் அப்படிச் சொன்னாரு, மெஷினு இப்படிச் சொல்லிச்சு, எனக்கு இன்னா சார் தெரியும்? அவன் பெண்டாட்டி வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள், வாசலில் மாரடித்துக்கொண்டு அழுவாள், நான் போய் அவள் முதுகைத் தடவுவேன், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுப்பேன்... விரலைப் பட்டன்மேல் வைத்தாள். வைத்தாள், எடுத்தாள். மனசு இரங்கவில்லை. சத்தியமாக இரங்கவில்லை. போதவில்லை, அதுதான். தூக்கத்தில் போய்விடுவானே? மயக்கத்தில், ஒன்றும் தெரியாமல், கடைசியாகக் காதில் விழுந்தது என் குரலாக, பயப்படாதீங்க அண்ணா என்று... அந்தச் சுகம் உனக்கு எதற்கு? என் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துவிட்டா அந்த மெஷின் விரலை எடுத்தது? முழித்திரு. நீ முழித்திருந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும், யார் என்று தெரிய வேண்டும், உன் மூச்சு இந்த ஒரு விரலில் தொங்கியது என்று தெரிந்து நீ மிச்ச நாளெல்லாம் சோற்றில் கை வைக்கும்போது நடுங்க வேண்டும். எழுந்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள்.

தியேட்டருக்கு வெளி ஹாலில் வரிசையாக மூன்று ஸ்ட்ரெச்சர், முதலாவதில் அவன், கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிறுத்துப் போயிருந்தான். அவள் மனதில் இத்தனை வருஷமாக நின்றவன் இன்னும் ஒரு முழம் உயரம். நேத்து எந்த ஷிஃப்ட்டு, என்றாள். அவன் கழுத்தைத் திருப்பினான், முகம் மலர்ந்துவிட்டது, பாவி முகம் அப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியாது, அட, நீதானாம்மா அது! கொரலக் கேட்டதும் தெரிஞ்சிபோச்சு, எல்லாரும் மெஷினு மெஷினுன்னானுங்க, ஆளே கீதே! எந்த ஷிஃப்ட்டு சொல்லுங்க. தர்டும்மா. எத்தினி மணிக்கு சாப்டீங்க? பிரேக்லதாம்மா, ரெண்டரை இருக்கும், புதன்கெழமையாச்சே, என்று வெட்கப்பட்டுச் சிரித்தான், ரெண்டு பீஸு சேத்தே போட்டான், ஆபரேஷன் ஆளுன்னு. பக்கத்தில் நின்ற மாரிசெல்வி, அட மாடசாமி தெய்வமே என்று வாயில் கையை வைத்தாள், உள்ளே ஓடினாள், உள்ளேயிருந்து சத்தம் வந்தது, திரும்ப வந்து ட்ரிப்ஸை நிறுத்தினாள், அண்ணாச்சி ஒமக்கு இன்னைக்கு கெடையாது, எந்திரிச்சு உக்காரும் என்றாள். கெடையாதா? அவன் முகம் கறுத்தது, பழைய தசரதன் எழுந்து உட்கார்ந்தான், பிரஸ் ஷாப் குரல் வந்தது, இன்னா வெளாட்றீங்களா, இன்னா தப்பு பண்ணேன் நானு, இந்தம்மா தானே சொல்லிச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் தொடாதன்னு, தொட்டனா? நீதானேம்மா சொன்ன, இப்ப பேசாத நின்னுகினுகீறியே, சொல்லு, நீதானே சொன்ன?

நான் சொல்லலீங்க, என்றாள் இந்திராணி.

தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்துவிட்டது. யோசிக்காமல், திக்காமல், அன்றைக்கு அவன் மேசைமேல் கை வைத்துச் சொன்ன மாதிரியே. இதை எங்கே கேட்டோம் என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இல்லை, அது வேறு, இது வேறு, நான் நிஜமாகவே சொல்லவில்லையே, மெஷின்தானே சொன்னது, என் தொண்டைதான், நான் இல்லை, பார்த்தேன் என்று அமுக்க மட்டும்தானே நான்... போதும். வந்த வேலையைப் பார். நான் விஜயோட அம்மா, என்றாள், குரல் நினைத்த அளவு ஏறவில்லை. எந்த விஜய்யி? என்றான் அவன், நிஜமாகவே கேட்டான், ஃபிட்டர் விஜய்யா, பெயின்ட் ஷாப்பா? அவனுக்கு எத்தனையோ விஜய். அவள் வலது கையைத் தூக்கினாள், மூன்று விரலை மடக்கினாள், ஆள்காட்டி விரலைப் பாதி மடக்கினாள், கட்டைவிரல் நின்றது. அப்படியே அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மரு இருந்த உதடு ஒரு பக்கமாக இழுத்தது. ட்ரிப்ஸ் ஏறின கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

இதற்குத்தானே வந்தாள். கிடைத்துவிட்டது. இனித்ததா? இனித்தது, ஆமாம், வெல்லத்தைக் கடித்த மாதிரி, நடுவில் மண் நெறுநெறுக்கிற வெல்லம். அவனைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, மாரிசெல்வி அடுத்த ஸ்ட்ரெச்சரை இழுத்தாள், இவ கேஸுதான் அடுத்தது, முன்னாடியே எடுக்கச் சொல்லுதாவ, நல்லவேளை இவளுக்கு வந்ததும் பச்சை குடுத்துட்டிய யக்கா. ஒரு பெண் படுத்திருந்தாள், இருபது இருக்கும், கைப்பட்டையில் செல்வலட்சுமி என்றிருந்தது. நெற்றிக்கு மேலே ரப்பர் அழுத்தின கோடு, லைனில் தலைக்கு மாட்டுகிற வலைத்தொப்பியின் கோடு, இன்னும் மறையாமல். இந்திராணி அந்தக் கோட்டையே பார்த்தாள். எப்போது கழற்றினால் அது இவ்வளவு புதுசாக இருக்கும்? இவள் என்ன கேட்டாள், என் குரல் இவளுக்கு என்ன சொல்லியது? எனக்கு எப்படித் தெரியும், நான் படிக்கவில்லையே. இவளையா, யாரைத்தான் படித்தேன்? பகையாளியை மட்டும் வரி விடாமல் கேட்டேனே... என்னுடைய 'பார்த்தேன்' பட்டனை அமுங்கினபடியே கட்டிப்போட்டது யார், கம்ப்யூட்டர் தம்பி சொன்னானா, நானாகவா? அந்தப் பெண் இவளைப் பார்த்துச் சிரித்தாள், ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது, தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் விலகியது, இந்திராணி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், வலது கையால். கைய எடுங்கக்கா, நேரமாவுது, என்றாள் மாரிசெல்வி. அவள் எடுக்கவில்லை. நேத்து எந்த ஷிஃப்ட்டும்மா நீ, என்று கேட்டாள்.